ஓம் என்றால் இல்லை

அன்று அந்த ஒத்திகை அறையில் பதினொரு பேர் இருந்தோம். பயம் வந்தால் ஆட்களை எண்ணுவது என் பழக்கம். அன்று நாலைந்து தடவை எண்ணினேன், ஆகவே கணக்கில் பிழை வராது. கம்பளித் தொப்பியைக் கழற்றவே கழற்றாத நெறியாளர். அவருக்கு வலது பக்கம் நடிகர்கள் ஐந்து பேர், மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். இரண்டு காதிலும் ஒவ்வொரு பென்சில் செருகியிருந்த மேடை முகாமையாளர். அந்த அரங்கத்தை நடத்துகிற, தலைமுடியை விடக் கவலை அதிகம் உள்ள மனிதர். ஜேர்மனியில் இருந்து தன் சொந்தக் குஷனையும் தூக்கிக்கொண்டு வந்திருந்த எழுத்தாளர் கெட்லர் அம்மா. வயது எண்பத்து மூன்று. அவருடைய நாவலை அமெரிக்க மேடைக்கு நாடகமாக்கியவரும் என் முதலாளியுமான டொரத்தி. கடைசியாக, கதவுக்குக் கிட்ட, ஓடுவதற்கு வசதியான கதிரையில், நான். மூலையில் ஒரு தண்ணீர் மெசினும் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இடம் பஃபலோ. ரொறொன்ரோவில் இருந்து காரில் இரண்டு மணித்தியாலம். எங்களுக்கு அன்று மூன்று மணித்தியாலம் எடுத்தது. கூடுதலாக எடுத்த அந்த ஒரு மணித்தியாலம் எல்லையில் போனது. அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது.

போன மாதம் ஸ்காபரோவில் மொழிபெயர்ப்பாளர்கள் கூடிய ஒரு மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டாள்:

"அங்கிள், இப்ப ஃபோனைக் காட்டினாலே ட்ரான்ஸ்லேற் பண்ணுது. நீங்கள் ஆக்சுவலி என்னதான் செய்தனீங்கள்?"

"பிழை விட்டனான் பிள்ளை," என்றேன்.

மேசை முழுக்கச் சிரித்தது. நான் பகிடி விடவில்லை. "அதை எழுதித் தாங்கோ, எங்கட சங்க ஆண்டு மலரில போடுவம்," என்றாள். மூன்று வாரம் யோசித்து, இரண்டு தடவை மாட்டேன் என்று சொல்லி, இப்போது எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் ஜேர்மன் எங்கே படித்தது என்று கேட்பவர்களிடம் "ஒரு நாடக அரங்கில்" என்று சொல்லுவேன். பொய்யில்லை. ஜேர்மனியில் அகதியாக இருந்த எட்டு வருடமும் ஒரு நகரத்து அரங்கின் கன்ரீனில் கோப்பை கழுவினேன். அங்கே சுவரில் ஒரு ஒலிபெருக்கி இருக்கும். மேடையில் நடக்கிற நாடகம் முழுக்க அதில் கேட்கும், கன்ரீனில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் நடிகர் தன் முறை வந்ததும் எழும்பி ஓடுவதற்காக. ஒரே நாடகத்தை நாற்பது தடவை, முகம் தெரியாமல், கைகள் சவர்க்கார நுரையில் இருக்கக் கேட்டால் மொழி வரும். ஆனால் எந்த மொழி வரும் என்பதுதான் பிரச்சினை. அகதி அலுவலகத்தில் விசாவை நீடிக்கக் கேட்கப் போனபோது நான் சொன்ன வசனத்தைத் தமிழில் சொன்னால், "பிரபுவே, தங்கள் பாதங்களில் வீழ்ந்து இறைஞ்சுகிறேன், ஆறு மாதங்கள்" என்று வரும். அந்த அதிகாரி உள்ளே போய் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார், இன்னொரு தடவை கேட்பதற்கு.

ரொறொன்ரோ வந்து, அரங்குகள் இருக்கிற ஒரு தெருவில் கார் தரிப்பிடத்துக் கூண்டுக்குள் இருந்தேன். மழை நாள் ஒன்றில் ஒரு பெண்மணி காரில் ஏறும்போது ஒரு புத்தகத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டார். எடுத்துத் துடைத்தேன். ஜேர்மன் புத்தகம். பழக்க தோசம், தலைப்பை உரத்து வாசித்தேன், ஒலிபெருக்கியில் கேட்ட அதே ராச தோரணையில். அவர் கார்க் கதவைத் திறந்தபடி மழையில் நின்றார்.

"திருப்பி வாசியுங்கோ," என்றார்.

அவர்தான் டொரத்தி. அவர் சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் எனக்கு எவர் எந்த மொழியில் பேசினாலும் நினைவில் தங்குவது யாழ்ப்பாணத் தமிழாகத்தான். இந்தக் கட்டுரையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். குறை நினைக்க வேண்டாம்.

டொரத்தியின் தொழில், ஜேர்மன் மொழி நாடகங்களையும் நாவல்களையும் அமெரிக்க மேடைக்கு ஏற்றபடி ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பது. இதில் வேடிக்கை, அவருக்கு ஜேர்மன் தெரியாது. சாப்பாட்டுக் கடையில் ஓடர் பண்ணுகிற அளவு வரும், அதுவும் சூப் வரைக்கும்தான். அந்தத் தொழிலில் இது புதினமில்லை. மொழி தெரிந்த ஒருவர் சொல்லுக்குச் சொல் பச்சையாக மாற்றிக் கொடுப்பார். அதை லிட்டரல் என்பார்கள். அதை வைத்து நாடகம் தெரிந்தவர் சமைப்பார். முதல் ஆளின் பெயர் எங்கும் வராது. எனக்கு அதுதான் பிடித்தது. பெயர் வராவிட்டால் பழியும் வராது என்று நினைத்தேன்.

சொல்லுக்கு எட்டுச் சதம் தருவார். முதல் நாள் அவருடைய குசினியில் வேலையைக் காட்டித் தந்தார். எப்போதும் குசினியில்தான் வேலை. நின்றுகொண்டு, பச்சைக் காரட்டைக் கடித்தபடி, உரத்து வாசிப்பார். பல்லுக்குள் காரட் நொறுங்குகிற சத்தம் நின்றால் ஏதோ பிழை என்று அர்த்தம். அத்தனை வருடத்திலும் என்னோடு குரல் உயர்த்தியதில்லை. ஒரு பகுதி சரிவந்தாலும் "மேலே போவம்" என்பார், சரிவராவிட்டாலும் "மேலே போவம்" என்பார். எது எது என்று காரட்டை வைத்துத்தான் நான் பிடிப்பேன்.

தாளில் மூன்று நிரல். இடது பக்கம் புத்தகத்தின் பக்கமும் வரியும் பேசுகிற ஆளும். நடுவில் ஆங்கிலம், அழகு பார்க்காமல், சொல் சொல்லாக. வலது பக்கம் குறிப்பு: இது வசவா, எவ்வளவு பெரிய வசவு, எந்த வயது ஆள் சொல்லலாம், ஏன் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகு கொலை. ஜேர்மன் நாடகத்தில் இருபத்திரண்டு பேர் மேடைக்கு வருவார்கள். சிறிய அமெரிக்க அரங்கு ஐந்து பேருக்குத்தான் சம்பளம் கொடுக்கும். ஆகவே முதல் வேலை, யாரைக் கொல்லலாம், யாரோடு யாரைச் சேர்க்கலாம் என்று பார்ப்பது. பின்னேரம் பஸ்ஸில் வரும்போது மனைவி சுகந்தி ஃபோனில் கேட்பாள்:

"இண்டைக்கு எத்தினை பேர்?"

"நாலு. ஒரு கன்னியாஸ்திரியும் போயிட்டா. நாளைக்குப் பொலிஸ்காரனைப் பாக்கவேணும்."

ஸ்காபரோ பஸ்ஸில் தமிழ் பேசும்போது யோசித்துப் பேச வேண்டும். முன் சீற்றில் இருந்த ஒரு அம்மா பையைத் தூக்கிக்கொண்டு சாரதிக்குக் கிட்டப் போய் இருந்துவிட்டார்.

என் பயங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். படிப்பில்லாதவன் என்று ஒருநாள் பிடிபடுவேன் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுப்பேன். ஒன்று அலுமாரியில், ஒன்று காரில், ஒன்று நெருப்புப் பிடித்தாலும் தப்பட்டும் என்று ஃப்ரீசரில்.

"மீன் எடுக்கத் திறந்தால் ஜேர்மன் நாடகம் இருக்கு," என்பாள் சுகந்தி. "பயப்பிட ஒண்டும் இல்லாட்டி, ஏன் ஒண்டும் இல்லையெண்டு பயப்பிடுவியள் நீங்கள்."

நான் ஓரளவு உதவி என்று டொரத்தி நம்பியது ஒரு சொல்லால். ஜேர்மனில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' உண்டு, நெருக்கத்துக்கு ஒரு 'நீ' உண்டு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'யூ'. மன்னருக்கும் 'யூ', பூனைக்கும் 'யூ'. இதைக் காட்ட வலது நிரலில் தமிழ் எழுத்திலேயே நீ, நீங்கள் என்று குறித்துவிடுவேன். டொரத்தி அந்த இரண்டையும் படம் மாதிரி அடையாளம் பிடித்து வைத்திருந்தார். ஒரு நாடகத்தில் முப்பது வருடம் ஒரே மேசையில் வேலை செய்த இரண்டு கிளார்க்குகள். பேசுவது 'நீங்கள்', ஆனால் கூப்பிடுவது தனிப் பெயரைச் சொல்லி. நான் நிறைய யோசித்து 'நீர்' என்று எழுதினேன்.

காரட் நின்றது. "இது புதுசா இருக்கு. என்ன இது?"

"நீர். ரெண்டுக்கும் நடுவில," என்றேன். "எங்கட ஊரில மனுசிக்குச் சொல்லுவம், கூட வேலை செய்யிற ஆளுக்குச் சொல்லுவம். கிட்ட வந்தாச்சு, ஆனால் மரியாதை கழண்டு போகேல்லை."

அவர் அந்த இரண்டு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் அந்தக் கிளார்க்குகள் ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் 'மிஸ்டர்' இல்லாமல், குடும்பப் பெயரால் மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். பச்சையாகச் சொன்னால், அது 'நீர்'தான். அன்றில் இருந்து எனக்கு ஒரு புதுப் பயம் பிடித்தது: டொரத்தி எனக்குச் சொல்கிற 'யூ' எந்த 'யூ'? முதல் நாள் மழையில் சொன்னது நிச்சயமாக 'நீங்கள்'. அதற்குப் பிறகு எது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

இனிப் பஃபலோவுக்கு வருகிறேன்.

கெட்லர் அம்மாவின் நாவலில் ஒரு சின்ன ஊர். அங்கே அறை வாடகைக்கு விடுகிற மார்த்தா என்ற விதவை. அவள் வீட்டில் குடியிருக்கிற ட்ரம்பெற் வாசிப்பவன், மேயரின் மகளைக் கட்ட இருந்தவன், கல்யாணத்துக்கு முதல் நாள் காணாமல் போகிறான். பொலிஸ்காரன் வந்து மார்த்தாவிடம் கேட்கிறான்: "அப்ப நீங்கள் அவனைக் காணேல்லை?" மார்த்தா ஒரு சொல்லில் பதில் சொல்கிறாள். பொலிஸ்காரன் போய்விடுகிறான். அவள் உண்மையில் கண்டாளா இல்லையா என்பது கடைசிவரை சொல்லப்படாது.

நான் கொடுத்த தாளில் அந்த ஒரு சொல் 'யெஸ்' என்று இருந்தது.

டொரத்தி ஃபோன் எடுத்துக் கேட்டதும் நினைவிருக்கிறது. "மார்த்தா 'யெஸ்' எண்டே சொல்லுறா? நிச்சயமோ?"

நான் என் தாளை எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தை அல்ல, என் தாளை. "நிச்சயம்," என்றேன்.

டொரத்திக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது. 'காணேல்லையோ' என்று கேட்க 'யெஸ், கண்டேன்' என்று மார்த்தா ஒப்புக்கொள்கிறாள், காட்டிக் கொடுக்கிறாள் என்று எடுத்து, அதன்மேல் பன்னிரண்டு பக்கம் எழுதினார். மார்த்தா அழுகிறாள், மேயரின் மகள் அழுகிறாள், பொலிஸ்காரன்கூடத் தொப்பியைக் கழற்றுகிறான். அரங்கத்தை நடத்துபவர் அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்காகத்தான் நாடகத்தை எடுத்தார். போஸ்டரும் அடித்தாயிற்று.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கதையில் நடந்தது எதையும் ஆசிரியரின் எழுத்து மூலமான சம்மதமின்றி மாற்றினால் உரிமையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கெட்லர் அம்மா முதன்முறையாக நாடகத்தைக் கேட்கத்தான் பஃபலோவுக்கு வந்திருந்தார். அம்மாவின் ஆங்கிலம் மட்டம்; ஆகவே பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க என்னையும் டொரத்தி கூட்டிக்கொண்டு போனார்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி குனிந்து பார்த்தார். டொரத்தியின் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்: "சாப்பாட்டுச் சாமான், மரக்கறி, பழம், ஒண்டும் கொண்டு போகேல்லை?"

"யெஸ்," என்றேன் நான், மிகுந்த பணிவோடு.

காரை ஓரமாக விடச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்தார்கள். சீற்றைத் தூக்கினார்கள். கடைசியில் டொரத்தியின் கோட்டுப் பையில் இருந்து ஒரு பை காரட்டை எடுத்து, ஏதோ கைக்குண்டு மாதிரி இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார்கள்.

"ஒண்டும் கொண்டு போகேல்லை எண்டு கேக்க, இந்த ஆள் யெஸ் எண்டு சொன்னவர்," என்றார் அதிகாரி. "உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்."

"நான் சொன்னது, ஓம், கொண்டு போகேல்லை எண்டு," என்றேன்.

"அதுக்கு 'நோ' எண்டல்லோ சொல்லவேணும்?"

எங்களை ஒரு பிளாஸ்ரிக் வாங்கில் இருக்க விட்டார்கள். டொரத்திக்குச் சிரிப்பு. நான் மட்டும் குளிர்ந்துபோய் இருந்தேன். என் தலைக்குள் ஜேர்மனில் இருந்து ஆங்கிலத்துக்கு நேர் பஸ் கிடையாது. நடுவில் தமிழில் இறங்கி மாறி ஏற வேண்டும். பொலிஸ்காரன் கேட்டான், "அப்ப நீங்கள் அவனைக் காணேல்லை?" மார்த்தா சொன்னது என்ன? ஜேர்மனில் 'நைன்'. இல்லை, காணவில்லை. அது என் தலைக்குள் தமிழில் இறங்கியபோது, எங்கள் ஊர் 'ஆம்' ஆன 'ஓம்' முன்னால் ஒட்டி, "ஓம், காணேல்லை" என்று ஆனது. பிறகு 'காணேல்லை' இறங்க மறந்துபோய் 'ஓம்' மட்டும் ஆங்கிலத்துக்கு ஏறிவிட்டது.

மார்த்தா யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது நான்.

பஃபலோ போகிற வழியில் மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவை டொரத்தி வழி தவறினார். இரண்டாம் தடவை, "கெட்லர் அம்மாவுக்கு அந்தப் பன்னிரண்டு பக்கம் பிடிச்சால் போதும், இனி எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்றார். மூன்றாம் தடவை கார் நின்றுவிட்டது, வந்து சேர்ந்திருந்தோம்.

வாசிப்பு தொடங்கியது. முதல் பகுதி நன்றாகப் போனது. கெட்லர் அம்மா ஜேர்மன் புத்தகத்தை மடியில் விரித்து விரலால் பின்தொடர்ந்தார். நான் காதுக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரன் வந்தான். கேட்டான். மார்த்தாவாக வாசித்த நடிகை, உயரமான, தூங்கி எழுந்த குரல் உள்ள பெண், நன்றாக மூச்சு எடுத்துச் சொன்னாள்: "யெஸ்."

நான் காதுக்குள் ஒன்றும் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. 'யெஸ்' தெரியாத ஆள் உலகத்தில் இல்லை.

கெட்லர் அம்மாவின் விரல் நின்றது. புத்தகத்தை இரண்டு தடவை தட்டினார். எல்லோரும் நிறுத்தினார்கள். அவர் என்னைப் பார்த்து ஜேர்மனில் கேட்டார்:

"தம்பி, இஞ்சை 'நைன்' எண்டு கிடக்கு. ஆர் 'யெஸ்' எண்டு சொன்னது?"

டொரத்தி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "என்னவாம்?"

பதினொரு பேரில் அந்த இரண்டு கேள்வியும் விளங்கியவன் நான் ஒருவன்தான். இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே கதவு நான். அம்மாவிடம் "அது டொரத்தியின் கற்பனை" என்று சொல்லலாம். டொரத்தியிடம் "உச்சரிப்பைப் பற்றிக் கேட்கிறா" என்று சொல்லலாம். இரண்டு பேரும் சாகும்வரை கண்டுபிடிக்க மாட்டார்கள். ஐந்து விநாடியில் பொய் முழுதாகத் தயாராகிவிட்டது. என்னைப்போலப் பயந்தவர்களுக்கு இந்த வேகம் எப்போதும் உண்டு.

நேர்மையால் சொல்லவில்லை, அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு பொய்யை இரண்டு மொழியில் நினைவு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோதே எனக்குத் தலை சுற்றியது. பொய்க்கும் படிப்பு வேண்டும்.

"நான்," என்றேன் ஜேர்மனில். பிறகு ஆங்கிலத்தில், "நான். மார்த்தா 'நோ' எண்டுதான் சொன்னவ. 'யெஸ்' எண்டு எழுதினது நான்."

டொரத்தியின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. காரட் எல்லையில் இருந்தது.

அரங்கத்தை நடத்துபவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். "அப்ப அந்தப் பன்னிரண்டு பக்கம்?"

கெட்லர் அம்மா கேட்டார், எப்படி 'நைன்' போய் 'யெஸ்' ஆனது என்று. நான் சொன்னேன். எங்கள் மொழியில் ஒருவர் "மழை இல்லை, என்ன?" என்று கேட்டால், மழை இல்லாவிட்டால் நாங்கள் "ஓம்" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்காக 'ஓம்'.

"அப்ப, நீங்கள் யூனிவேர்சிற்றியில படிக்கேல்லை?" என்று கேட்டார் அம்மா, என்னைச் சோதிக்க.

"ஓம்," என்றேன். வாயில் இருந்து வந்த பிறகுதான் விளங்கியது, பதினாறு வருடமாக ஒளித்து வைத்ததையும் சேர்த்து விட்டுவிட்டேன் என்று. ஜேர்மனில் நடந்த இந்தச் சம்பாசணையை டொரத்திக்கும் மொழிபெயர்க்க வேண்டியதும் நானே. மொழிபெயர்த்தேன், ஒன்றும் விடாமல். "ஒன்பதாம் வகுப்பு. ஜேர்மன் படிச்சது கன்ரீனில, ஒலிபெருக்கியில."

"கன்ரீனில சாப்பாடு எப்பிடி?" அம்மா கேட்டார்.

"மோசம்."

"அப்ப உண்மையான அரங்குதான்."

பிறகு அம்மா குஷனைச் சரிசெய்துகொண்டு, அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நடிகையைப் பார்த்து, "இவரின்ரை ஊரில சொல்லுற மாதிரி 'யெஸ்' சொல்லுங்கோ," என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

பொலிஸ்காரன்: "அப்ப நீங்கள் அவனைக் காணேல்லை?"

மார்த்தா: "யெஸ்."

பொலிஸ்காரனாக இருந்த நடிகர் தாளைப் பார்த்தார். அதில் அடுத்த வரி பொருந்தவில்லை. தானாகவே கேட்டார்: "யெஸ் எண்டால் கண்டனீங்களோ, காணேல்லையோ?"

அந்தப் பெண் அவரை நேராகப் பார்த்தாள். மிகவும் அமைதியாக, "யெஸ்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண்டவளும் அவள்தான், காணாதவளும் அவள்தான். பொலிஸ்காரன் அதற்குமேல் கேட்க ஏலாது.

கெட்லர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "புத்தகம் வந்த நாளில இருந்து ஆக்கள் கடிதம் எழுதிக் கேக்கினம், மார்த்தா கண்டவளோ எண்டு. எனக்குத் தெரியாது எண்டுதான் நான் எழுதினது. ஆனால் 'நைன்' எண்டு போட்டால் எல்லாருக்கும் அது பொய் மாதிரிக் கேக்குது. இதில அப்பிடிக் கேக்கேல்லை." பிறகு டொரத்தியைப் பார்த்தார். "இந்த 'யெஸ்' நிக்கட்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு பக்கமும் வேண்டாம். மார்த்தா அழமாட்டாள்."

இதை டொரத்திக்குச் சொல்வதுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த கடினமான மொழிபெயர்ப்பு.

டொரத்தி நிமிர்ந்து இருந்தார். தாள்களைத் தூக்கி, விரலை நனைத்து, பன்னிரண்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, காரட் இருக்க வேண்டிய பைக்குள் மடித்து வைத்தார். "மேலே போவம்," என்றார். எந்த 'மேலே போவம்' என்று பிடிக்க எனக்குக் காரட் சத்தம் இல்லை.

புறப்படும்போது கெட்லர் அம்மா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு டொரத்தியிடம் சொல்லச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் போற அந்த 'யெஸ்' என்ரை புத்தகத்திலயும் இல்லை, உங்கட நாடகத்திலயும் இருக்கேல்லை. அது இவரின்ரை. இவருக்குக் காசு குடுங்கோ."

இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வெட்கத்தில் 'காசு' என்ற இடத்தை விட்டுவிட்டேன். அம்மா ஆங்கிலத்தில், தெளிவாக, "மணி!" என்றார்.

"சொல்லுக்கு எட்டுச் சதம்," என்றார் டொரத்தி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

திரும்பி வரும்போது கனடா அதிகாரி ஏதோ கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு கடவுச்சீட்டை மட்டும் நீட்டினேன். டொரத்தி பதில் சொன்னார். இரண்டு வருட உழைப்பின் உச்சக் காட்சி அவருடைய கோட்டுப் பைக்குள் கிடந்தது. பத்து நாளில் வேறு ஒன்று எழுத வேண்டும். நான் அடுத்த நாள் கார் தரிப்பிடத்துக்குப் போய்ப் பழைய கூண்டு காலியா என்று கேட்பதாக முடிவெடுத்திருந்தேன். சுகந்திக்குச் சொல்ல வேண்டிய வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

ஹமில்டன் தாண்டியதும் டொரத்தி ரோட்டைப் பார்த்தபடியே ஒரு சொல் சொன்னார். தமிழில்.

"நீர்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நீர்," என்றார் திரும்பவும், 'ர்' கொஞ்சம் ஆங்கிலமாக உருண்டது. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார்: "இனிமேல் நான் நிச்சயமோ எண்டு கேட்டால், உம்மட தாளைப் பாக்காமல் புத்தகத்தைப் பாத்துச் சொல்லும். விளங்கிச்சோ? திங்கட்கிழமை வெள்ளண்ண வாரும். பன்னிரண்டு பக்கம் இருக்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினாறு வருடப் பயம் ஒன்று முடிந்தது. சுகந்தியிடம் சொன்னபோது, "அப்ப உங்களுக்குப் படிப்பில்லை எண்டு அவவுக்கு இவ்வளவு நாளும் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்?" என்று கேட்டாள். டொரத்தியிடமே கேட்டுப் பார்த்தேன். ஃப்ரீசரில் நாடகம் வைக்கிறவன் என்று நான் சொன்ன நாளே தெரியுமாம்.

நாடகம் நல்லாய்ப் போனது. முடிந்து வெளியே வருகிறவர்கள் கோட் மாட்டிக்கொண்டே சண்டை பிடிப்பார்கள், கண்டவளா காணாதவளா என்று. அதற்குப் பிறகு என் தாளில் நாலாவது நிரல் ஒன்று வந்தது. ஆம், இல்லை என்று எந்த இடத்தில் வந்தாலும், முழு வசனமாக எழுத வேண்டும்: கண்டேன், அல்லது காணவில்லை. முதலில் தலையாட்டுகிற படம் கீறலாம் என்றுதான் யோசித்தோம். நான் தலையாட்டிக் காட்டினேன். டொரத்தி இரண்டு தரம் பார்த்துவிட்டு, "வேண்டாம், வசனமாகவே எழுதும்," என்றார்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுதான் என் மறுமொழி. ஃபோன் இந்தப் பிழையை விடாது. நல்லதுதான். அது தமிழில் இறங்கிப் பஸ் மாறுவதில்லை.

காசு விசயம் ஒன்று பாக்கி. டொரத்தி ஒரு தடவை பத்துச் சதக் குற்றி ஒன்றை நீட்டினார். ஒரு சதக் குற்றியை நாட்டில் நிறுத்தி அப்போது கொஞ்சக் காலம். மிச்சம் இரண்டு சதம் என்னிடமும் இல்லை, வேறு எவரிடமும் இல்லை; கூட வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது நானும் ஓய்வு, அவரும் ஓய்வு. முதியோர் இல்லத்தில் இருந்து மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பார். காரட் சத்தம் இல்லை, பல்லு ஒத்துழைக்கவில்லையாம். நேற்றும் எடுத்தார்.

"தவம், உமக்கு அந்தக் காசு நான் இன்னும் தரேல்லை, என்ன?"

"யெஸ்."

"யெஸ் எண்டால் தந்திட்டனோ, தரேல்லையோ?"

"யெஸ்," என்றேன்.

எட்டுச் சதம்.